வலென்டினா பேசவில்லை

லண்டனைச் சேர்ந்த பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் குழுவில் பாடகர் என்று யாரும் கிடையாது. பழைய செய்திப்படம், பிரச்சாரப்படம், வானொலிப் பதிவு என்று எங்கெங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் குரல்களை வெட்டி எடுத்துவந்து, அவற்றுக்கு அடியில் டிரம்ஸ், கிடார், சிந்தசைசர், சில பாட்டுகளில் ஒரு பாஞ்சோவும் வைப்பார்கள். முன்பெல்லாம் மேடையில்கூட ரசிகர்களிடம் நேரடியாகப் பேசியதில்லை. அதற்கும் முன்பே தயார்செய்த கணினிக் குரல்தான். குழுவை நடத்துபவர் ஜே. வில்கூஸ் எஸ்கொயர் என்ற புனைபெயரில் இயங்குகிறார். முதலில் கேட்டபோது, ‘நல்ல கிம்மிக், ரெண்டு பாட்டுக்குத் தாங்கும்’ என்றுதான் நினைத்தேன்.

நினைப்பை மாற்றியது 2015இல் தங்கள் சொந்த லேபிளில் அவர்கள் வெளியிட்ட ‘தி ரேஸ் ஃபார் ஸ்பேஸ்’. ஒன்பது பாட்டுகள், 1957இன் ஸ்புட்னிக்கிலிருந்து 1972இன் அப்பல்லோ 17 வரை. சாதனையைப் பற்றிய இசை என்றால் கொடியும் சல்யூட்டும் வந்துவிடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இவர்கள் ககாரினுக்கு ஃபங்க் போட்டிருக்கிறார்கள். ட்ரம்பெட்டெல்லாம் வைத்து, கல்யாண வீட்டு மாதிரி ஒரு கும்மாளம். 108 நிமிடம் பூமிக்கு வெளியே இருந்துவிட்டு வந்தவனுக்கு அதுதான் சரி.

ஆனால் ஆல்பத்தின் உச்சம் என்று நான் சொல்வது ‘தி அதர் சைட்’. 1968 டிசம்பர், அப்பல்லோ 8. மூன்று பேர் நிலவுக்குப் பின்னால் போகிறார்கள். அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்பு இருக்காது. எஞ்சின் சரியாக எரிந்ததா என்று ஹூஸ்டனில் யாருக்கும் தெரியாது. சிக்னல் போகும் இடத்தில் இசையும் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. என் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். நடுக்கடலில் நாள்கணக்காக லைன் கிடைக்காது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். போனை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு கீரை ஆய்வார். அந்தப் பாட்டின் நடுப்பகுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கீரை வாசனைதான் வருகிறது. சிக்னல் திரும்ப வந்ததும் ஹூஸ்டன் குரலில் ஒரு சந்தோஷம் தெறிக்கிறதே, அதை எந்த நடிகராலும் நடித்துக்காட்ட முடியாது.

அடுத்த பாட்டு ‘வலென்டினா’. என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வலென்டினா தெரெஷ்கோவா பஞ்சாலையில் வேலை செய்தவர், பாராசூட்டில் குதிப்பவர். 1963 ஜூனில் தனியாளாகப் பூமியை 48 முறை சுற்றினார். இந்தப் பாட்டில் ஆவணக் குரல் ஒன்றுகூட இல்லை. ஸ்மோக் ஃபேரீஸ் என்ற குழுவின் இரண்டு பெண்கள் கனவு மாதிரி மிதந்து பாடுகிறார்கள். அழகான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆல்பத்தின் ஒரே நாயகிக்கு மட்டும் ஏன் அழகு, மற்றவர்களுக்கெல்லாம் ஏன் தகவல்?

‘அட, இதுக்கெல்லாமா கோபப்படுவே’ என்றான் நண்பன். அவன் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ககாரினும் லியோனோவும்கூட இதில் சொந்தக் குரலில் பேசவில்லை. சோவியத் படங்களின் ஆங்கில வர்ணனையாளர்தான் அவர்களுக்காகப் பேசுகிறார். சாதித்தவர் வேறு, அறிவித்தவர் வேறு. ஆவணக் காப்பகத்தில் பெரும்பாலும் கிடைப்பது அறிவித்தவரின் குரல்தான். இந்தக் குழுவின் முறையிலேயே இருக்கும் சிக்கல் இது. என்றாலும், அவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் என்று சொல்லவாவது ஒருவர் இருந்தார். தெரெஷ்கோவா சுற்றுப்பாதையிலிருந்து குருசேவோடேயே பேசியவர். குரலே இல்லாதவர் இல்லை.

2024இல் இதே குழு அமேலியா இயர்ஹார்ட்டின் கடைசிப் பயணத்தைப் பற்றி ‘தி லாஸ்ட் ஃப்ளைட்’ செய்தது. இந்த முறை ஒரு நடிகையை அமேலியாவாகப் பேச வைத்தார்கள். 1937 ஜூலை 2 காலை அமேலியா விமானத்திலிருந்து பேசியது ஒலியாகப் பதிவாகவில்லை. ஹவ்லண்ட் தீவருகே காத்திருந்த கப்பலின் ரேடியோக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கே இரவல் குரலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டுடியோ சுத்தம் காதில் உறுத்துகிறது. பழைய டேப்பின் இரைச்சலுக்கு என்னைப் பழக்கிவிட்டதே இவர்கள்தானே.

எனவே மறுபடி 2015க்கே போகிறேன். வரிசையைக் கவனியுங்கள். 1963இல் நடந்த பயணத்தை 1968க்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் (அப்பல்லோ 1 தீ விபத்தும் இடம் மாறித்தான் இருக்கிறது, அதற்கு நான் சண்டை போடவில்லை). வலென்டினா முடிந்ததும் வருவது ‘கோ!’, அப்பல்லோ 11 இறங்கும் பாட்டு. கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு மேசையாகப் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு ஆணும் தனக்குரிய அந்த ஒற்றைச் சொல்லை உரக்கச் சொல்கிறான். கைதட்டி ஆடத் தோன்றும் பாட்டு. நானும் ஆடியிருக்கிறேன். முந்தைய பாட்டைத் தள்ளிவிடாமல் கேட்டுவிட்டு ஆடினால், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.