நெஞ்சில் ஒட்டிய பட்டை

இடது காரை எலும்புக்குக் கீழே, சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னப் பட்டை அது. இதய அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் ஒவ்வொரு துடிப்பையும் இரண்டு வாரம் வரை எழுதிக்கொண்டே இருக்கிறது. தூங்கலாம், நடக்கலாம், படபடப்பு வந்தால் பொத்தானை அழுத்தினால் போதும், அந்த நேரம் பதிவாகிவிடும்.

இதன் மூதாதையின் எடை ஏறக்குறைய 38 கிலோ! அமெரிக்காவின் மொன்டானாவில், 1940களின் இறுதியில், நார்மன் ஹோல்டர் அதை முதுகில் சுமந்தபடி இதயத்தின் மின்னலைகளை வானொலி வழியே அனுப்பிக் காட்டினார். அவர் மருத்துவர்கூட அல்ல.

பட்டையின் அருமை தெரிவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில்தான். இதய அறுவைக்குப் பின் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு மேலறைகள் தாளம் தப்புகின்றன. பெரும்பாலும் முதல் சில நாட்களில். வீட்டுக்குப் போன பிறகும் திரும்பலாம். பலருக்கு அது தெரிவதேயில்லை. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்தால் பக்கவாதம்வரை போகும். சில விநாடி ஈசிஜிக்கு இந்தத் திருட்டுத் தாளம் எளிதில் அகப்படாது.

ஒட்டிய இடம் அரிக்கும், உண்மைதான். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் என்றும் நம்பக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் உடனே ஆம்புலன்ஸ்தான். சில பட்டைகள் கைப்பேசி வழியே உடனுக்குடன் தகவல் அனுப்பும். சிலவற்றைக் கழற்றிய பிறகே படிப்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டுவிடுங்கள்.