இந்த போல்ட்டெல்லாம் எதைப் பிடிச்சிருக்கு?

ஒரு ரிம்முக்கு 24 போல்ட். நான்குக்கும் சேர்த்து 96. மூன்று மாதம் அந்த 96 போல்ட்டையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மண் எடுத்தேன், துரு ஏறியவற்றுக்கு எண்ணெய் விட்டேன். அவற்றில் ஒன்றுகூட எதையும் பிடித்து நிறுத்தவில்லை என்பது வாங்கும்போதே ஓரளவு தெரியும். அது என்னை இவ்வளவு உறுத்தும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வண்டி 2012 மாடல் மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ., ஃபோர் வீல் டிரைவ். அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேனி மாவட்டத்தில் ஜீப் என்றால் இன்னும் மஹிந்திராதான். நானும் அந்தக் கட்சி. அல்லிநகரத்தில் வீரப்ப அய்யனார் கோயில் பக்கத்து மலையடிவாரத் தடத்தில் ஓட்டிப் பழகியவன். மாதத்தில் இரண்டு முறையாவது போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் உறவுக்காரர் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருவேன். இத்தனை வருடமும் கம்பெனி இரும்பு ரிம்தான் ஓடியது. இந்த ஆனி மாதம், சாரல் தொடங்குமுன், நான்கு அலாய் மாட்டினேன். 16 அங்குலம், ஐந்து நட்டு, பழைய ஜீப்புகளின் அதே 139.7 மில்லிமீட்டர் நட்டு வட்ட அளவு. விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம், அதன்மேல் வெள்ளி நிறத்தில் போல்ட் வரிசை. கடையில் இதற்கு ‘பீட்லாக் ஸ்டைல்’ என்று பெயர். அந்த ‘ஸ்டைல்’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

அசல் பீட்லாக் என்ன செய்கிறது? டயரின் உள்வட்ட ஓரத்தில் எஃகுக் கம்பி வைத்த தடித்த பட்டை உண்டு. பஞ்சர் கடையில் அதைத்தான் பீட் என்கிறார்கள். அது ரிம்மில் உட்கார்ந்திருப்பது முக்கியமாகக் காற்றின் பலத்தால். டயரில் 30 பவுண்டு காற்று இருக்கும்போது அது பீட்டை ரிம் சுவரோடு அழுத்தி வைத்திருக்கும்; யாராலும் அசைக்க முடியாது. சேற்றிலும் மணலிலும் பாறையிலும் காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிமானம் கூடும். ஆனால் காற்று ரொம்ப இறங்கினால் அழுத்துவதற்கு ஆள் இல்லை. வண்டி பக்கவாட்டில் இழுக்கும்போது பீட் கழன்றுவிடும். அசல் பீட்லாக்கில் டயரின் வெளிப்பக்க பீட்டை ரிம்முக்கு வெளியே வைத்து, மேலே ஒரு வளையத்தைப் போட்டு, சுற்றிலும் போல்ட்டால் இறுக்கிவிடுவார்கள். டயரைப் பிடிப்பது அப்போது போல்ட்டின் வேலையாகிறது. காற்று ஐந்து பவுண்டுக்கு இறங்கினாலும் கழலாது.

இது இன்று நேற்று வந்த யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வில்லிஸ் ஜீப்புகளுக்கு ‘காம்பட் ரிம்’ என்று ஒன்று வந்தது. ரிம் இரண்டு பாதியாகப் பிரியும், போல்ட்டால் சேரும். டயருக்குள்ளே ஓர் எஃகு வளையம் இரண்டு பீட்டையும் விரித்துப் பிடித்திருக்கும். குண்டு பட்டுக் காற்று போனாலும் டயர் கழலாமல் கொஞ்ச தூரம் தப்பி ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதே வில்லிஸ் கம்பெனியின் ஜீப்பைத்தான் 1940களின் இறுதியிலிருந்து மஹிந்திரா பம்பாயில் பூட்டிக் கொடுத்தது. நம் மலையில் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அந்த வம்சம். ஆக, ரிம்மில் போல்ட் வரிசை என்பது ஒரு காலத்தில் உயிரைக் காத்த பொருளின் அடையாளம். என் ரிம்மில் அது கண்ணுக்கு மட்டும்.

கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மாட்டிய அன்று வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டு வாரம் குறையே தெரியவில்லை. பிறகு மலையில் மழை பிடித்தது.

ஏலத்தோட்டத்து மண் குழம்பு மாதிரி. போலி வளையத்துக்கும் ரிம் உடலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத ஓர் இடுக்கு இருக்கிறது. மண் அதற்குள் போய் அடைகிறது. இறங்கி வரும்போது அடிவாரத்து வெயிலில் காய்ந்து கல்லாகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக அடைந்தாலாவது பரவாயில்லை. ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு. போடியிலிருந்து தேனி வரும் சாலையில் 60 தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். வீல் பேலன்ஸ் இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் கோளாறு மண்ணில்தான் இருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போகாது. குச்சியால் கிளற வேண்டும். ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பின்னும் அரை மணி நேரம் இதற்கே போனது.

அடுத்தது துரு. போல்ட் எஃகு, ரிம் அலுமினியம். ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒட்டிக்கிடந்தால் அரிப்பு வந்தே தீரும். இரண்டாவது மாதமே போல்ட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தது. ஒன்றைக் கழற்றப் போய் தலை முறிந்து கையோடு வந்தது. காற்று பிடிக்கும் வால்வும் வளையத்தின் ஓரத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. பிரஷர் பார்க்கும் கருவி நேராக உட்காராது. காற்றை ஏற்றி இறக்குவதற்கென்றே செய்ததுபோல வேஷம் போட்ட ரிம்மில் காற்றைப் பார்ப்பதே பாடு என்றால் எரிச்சல் வராதா? ரிம் பழையதைவிட வெளியே தள்ளியும் நின்றது. சக்கரம் வாரியடிக்கும் சேறு முழுக்கக் கதவின் மேல்தான். ஸ்டியரிங்கும் முன்பைவிடக் கனம்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆவணியில் ஒரு நாள் தோட்டத்துச் சரிவில் வண்டி சறுக்கிக்கொண்டே இருந்தது. காற்றை 12க்கு இறக்கினேன். இரும்பு ரிம்மில் 18க்குக் கீழே நான் இறக்கியதே இல்லை. அன்று ஏன் இறக்கினேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். அந்த போல்ட் வரிசையைத் தினமும் பார்த்துப் பார்த்து, ரிம் டயரைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்று மனதின் ஏதோ ஒரு மூலை நம்பிவிட்டது. வளைவில் ஒடித்துத் திருப்பியதும் இடது முன் டயர் ஒரு கல்லில் சாய்ந்தது, ‘டப்’ என்றது. பீட் வெளியே வந்துவிட்டது. ரிம் மண்ணில் உழுதுகொண்டு நின்றது. கீழே பள்ளம் ஆழமில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் அக்கா மகன்.

பின்னால் வந்த தோட்டத்து ஜீப் டிரைவர் இறங்கி வந்தார். எதுவும் கேட்காமல் ஜாக்கி போட்டார். பீட்டில் ஒட்டிய சேற்றைக் கழுவினார். டயரின் நடுவட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இரும்புக் கம்பியைச் செருகி முறுக்கினார். நடுப்பகுதி இறுக இறுக இரண்டு ஓரமும் விரிந்து ரிம்மைத் தொட்டன. என் பம்ப்பைப் போட்டதும் டயர் உட்கார்ந்துவிட்டது. முடித்துவிட்டு வளையத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். “தம்பி, இந்த போல்ட்டெல்லாம் எதைப் பிடிச்சிருக்கு?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “ஒண்ணுத்தையும் இல்லண்ணே” என்றேன். அவர் ஜீப்பில் ட்யூப் போட்ட டயர், சுத்தியல் தழும்பு விழுந்த இரும்பு ரிம். காலையும் மாலையும் ஆள் ஏற்றி ஓடுகிற வண்டி அது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளில் நான் பார்த்ததும் இதே இரும்பு ரிம்தான்.

அப்படியானால் அசல் பீட்லாக் வாங்கலாமா என்று அந்த வாரமே விசாரித்தேன். கோவாவில் 2014இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் மாதிரியான போட்டிக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்படும். தினசரி ஓட்டத்துக்கு அது வேறு வகைப் பாரம். போல்ட்டுகளை எதிரெதிராக, அளவுமானி வைத்த ஸ்பேனரால் சமமாக இறுக்க வேண்டும், கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி பார்க்க வேண்டும், பிறகும் அடிக்கடி. விட்டுவிட்டால் 80இல் போகும்போது வளையம் தளரும். வழியில் பஞ்சர் ஆனால் எந்தக் கடைக்காரர் 24 போல்ட்டைக் கழற்றி மாட்டுவார்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இருக்கிறது: பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம்.

அமெரிக்காவில் 2021 ஃபோர்ட் பிராங்கோவும் 2024 ஜீப் ராங்லர் ரூபிகானும் நடுவழி ஒன்றைக் காட்டின. கம்பெனி ரிம் சாதாரணமாகவே வரும், போல்ட் துளைகள் மட்டும் உண்மையானவை. வேண்டியவர் அசல் வளையத்தைத் தனியே வாங்கி, பொது சாலைக்கு வெளியே ஓட்டப் பூட்டிக்கொள்ளலாம். அது நேர்மையான பொருள். நம்மூர்க் கடைகளில் அந்த வசதியும் இந்த அலங்கார வளையமும் ஒரே பெயரில் விற்கப்படுவதுதான் என் கோபம். வாங்கப் போகிறவர்கள் ஒரு போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துளை நகக்கண் ஆழத்தில் முடிந்தால் அது அலங்காரம். வளையம் தனியாகக் கழன்று, அடியில் டயர் பீட் தெரிந்தால் அசல். கடைக்காரர் கழற்ற மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

புரட்டாசி முதல் வாரத்தில் பழைய இரும்பு ரிம்களைச் சுரண்டி, கறுப்பு பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டினேன். காற்று மலையில் 20, ஊரில் 30. போன வாரம் பூப்பாறைத் தோட்டத்தில் பின் ரிம் பாறையில் மோதி ஓரம் மடங்கியது. போடியில் பஞ்சர் கடைக்காரர் ரிம்மைத் தரையில் சாய்த்து, நாலு அடி அடித்து நிமிர்த்தி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.