அண்மையும் இடைவெளியும்

சொற்கள் கூடிப் பொருள் தருவதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மை என்னும் மூன்றும் வேண்டும் என்பர். இவற்றுள் அண்மை சொல்லுக்கேயன்றிக் கண்ணுக்கும் உரியதாம். அருகருகே நிற்பவற்றைக் கண் ஓரினமாகத் தொகுத்துக் கொள்ளும் என்பதனை ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் 1923-இல் விளக்கினார். எனவே, உருவங்களை ஆராய்வார் அவற்றிடை நிற்கும் வெளியையும் ஆராய்தல் கடன்.

பிரிப்பு மாறின் பொருள் மாறும் என்பதற்குச் 'செம்பொன்பதின்றொடி' என்பதனை இலக்கண உரையாளர் காட்டுவர். ஓரிடத்துப் பிரிக்கச் செம்பொன் பத்துத் தொடி. பிறிதோரிடத்துப் பிரிக்கச் செம்பு ஒன்பது தொடி. எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை, பொன் செம்பாயிற்று. பேசுவோர் இதனை இசையால் வேறுபடுத்துவர். ஏட்டுச்சுவடியிற் சொல்லிடை வெளி இன்மையின், பதிப்பாசிரியர் இடும் வெளி ஒவ்வொன்றும் ஓர் உரையே எனலாம்.

சேலம் மாவட்டத்துக் கஞ்சமலைக்கு அண்மையிலுள்ள இளம்பிள்ளை, சேலை நெசவாற் பெயர் பெற்ற ஊர். அங்கு நெய்யப்பெறும் சேலைகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஜக்கார்டு பொருத்திய தறியில் அட்டைத் துளைகளே எவ்வெப் பாவிழை எழவேண்டும் என வரையறுப்பன. துளையுள்ள இடமும் இல்லாத இடமும் சேர்ந்தே உருவம் பிறக்கின்றது. உடலிற் புட்டாக்கள் அகன்று நிற்பக் கரையில் உருக்கள் நெருங்கி, முந்தியில் அந்நெருக்கம் முற்றுப்பெறின், மூன்று பகுதிகளும் கோடிட்டுப் பிரிக்காமலே தாமே பிரிந்து தோன்றும்.

வெற்றிடம் சரிகைச் சிக்கனத்தின் அடையாளம் என்றும், நிறைய நெய்ததே உயர்ந்தது என்றும் கருதுவார் உளர். அது பொருந்தாது. நெருக்கம் குற்றமன்று, மணப்புடவைக்கு அது வேண்டுவதே. எல்லா இடத்தும் ஒரே அளவில் நெருங்குதலே குற்றம். அவ்வாறாயின் உருக்கள் ஒன்றையொன்று மறைக்கும். இழை மிகுந்தும் வேலைப்பாடு தோன்றாது. நெய்தவர் உழைப்புக்கு நேரும் இழப்பு இது. சொற்பிரிப்புப் பிழையால் புலவன் கருத்துக்கு நேரும் இழப்பும் இத்தகையதே.

ஆகலின், சேலையை மதிப்பிடுவார் இழையை எண்ணுதலோடு அமையாது இடைவெளியையும் நோக்குதல் வேண்டும். பதிப்பை மதிப்பிடுவார் பாடத்தோடு பிரிப்பையும் ஆராய்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒரு நெறியே என்பது எம் துணிபு.