செவிவழிக் கணிதம்: இணைய வெளியீட்டில் திரைவாசிப்பான் பயனருக்கான கணித வெளிப்பாட்டு முறைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தில் வெளியாகும் கணிதக் கோவைகளைப் பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியாகக் கற்பதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. கோவையைப் படமாக்கி மாற்று உரை இணைப்பது முதல் முறை. லேடெக் மூலவரியை அப்படியே தருவது இரண்டாவது. மேத்எம்எல் குறிமொழியில் கட்டமைப்போடு வெளியிடுவது மூன்றாவது. இம்மூன்றின் நிறைகுறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஒலிக்கச் செய்வது மட்டுமே அணுகல் ஆகாது. கோவையின் உட்கூறுகளுக்குள் பயனர் தாமே சென்றுவரும் வாய்ப்பே அணுகல் என்பதை இது நிறுவ முயல்கிறது. தமிழில் கணிதத்தை ஒலிப்பதற்கான விதிகளை ஆங்கில விதிகளின் மொழிபெயர்ப்பாக அமைப்பதால் நேரும் பொருள்மயக்கங்களையும் சுட்டுகிறது.

குறிச்சொற்கள்: திரைவாசிப்பான், மேத்எம்எல், லேடெக், ஆஸ்டர், நெமத் குறிமுறை, ஒலிப்பு விதிகள், கலைச்சொல்.

முன்னுரை

உரைநடை ஒரு நேர்கோட்டில் செல்வது. கணிதக் கோவையோ இருபரிமாண எழுத்து. அடுக்கு மேலே ஏறும். கீழ்க்குறி கீழே இறங்கும். பின்னக்கோடு இரு கோவைகளை மேலும் கீழுமாக நிறுத்தும். மூலக்குறியின் கூரை தன் ஆட்சிக்கு உட்பட்ட உறுப்புகள் எவை என்பதை வரைந்து காட்டும். கண் இவற்றை ஒரே நோக்கில் கொள்கிறது. செவிக்கு அந்த வசதி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒலிகளைக் கொண்டே கேட்பவர் அந்தக் கட்டமைப்பை மனத்தில் எழுப்ப வேண்டும்.

இச்சிக்கலைத் தொழில்நுட்பத்தின் ஒரு சிறு குறை என ஒதுக்க இயலாது. பார்வையற்ற மாணவர் கணிதத்துக்கு ஈடாக வேறு பாடம் தேர்ந்துகொள்ள இந்தியக் கல்வி வாரியங்கள் சில இடமளிக்கின்றன. சலுகையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு அறிவியல், பொருளியல், புள்ளியியல், கணினியியல் ஆகிய துறைகளின் கதவுகளைப் பள்ளிப் பருவத்திலேயே அடைத்துவிடுகிறது. பாடநூல் எட்டாததால் பாடமே விலக்கப்படுகிறது. பின்னர் அந்த விலக்கு மாணவரின் இயலாமையாகப் பொருள் கொள்ளப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்வழித் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. கணிதத்தைப் பொறுத்தவரை அத்தகைய வடிவம் எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. படமும் மூலவரியும்

நெடுங்காலம் வழக்கிலிருந்த முறை கோவையைப் படமாக்கி வெளியிடுவதாகும். மாற்று உரை இல்லாத படம் திரைவாசிப்பானுக்கு வெறும் வெற்றிடம். மாற்று உரை இருப்பினும் சிக்கல் தீர்வதில்லை. இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்துக்கு, ‘கழித்தல் பி, கூட்டல் அல்லது கழித்தல், வர்க்கமூலம் பி வர்க்கம் கழித்தல் நான்கு ஏ சி, வகுத்தல் இரண்டு ஏ’ என்று ஒருவர் மாற்று உரை எழுதுவதாகக் கொள்ளலாம். மூலக்குறியின் கூரை ‘பி வர்க்கம்’ வரை மட்டும் செல்கிறதா, ‘ஏ சி’ வரை நீள்கிறதா? வகுத்தல் கோவை முழுவதற்கும் உரியதா, மூலத்துக்கு மட்டும் உரியதா? ஒரே தொடர் குறைந்தது மூன்று வேறுபட்ட கோவைகளைக் குறிக்கக்கூடும். எழுதியவர் கோவையைப் பார்த்துக்கொண்டே எழுதுவதால் இம்மயக்கம் அவர் கண்ணில் படுவதில்லை.

பிடிஎஃப் கோப்பின் நிலை சில வேளைகளில் இதனினும் மோசமானது. கட்டமைப்புக் குறிகள் இடப்படாத கோப்பில் எழுத்துகள் இருக்கும். அவற்றின் இட உறவு இராது. ‘எக்ஸ் வர்க்கம்’ என்பது ‘எக்ஸ் இரண்டு’ என ஒலிக்கும். படம் மௌனமாக இருப்பதால் ஏதோ விடுபட்டது என்றாவது பயனர் உணர்வார். இங்கோ பிழையான கணிதம் சரியானதுபோல் காதில் விழுகிறது.

லேடெக் மூலவரியை அப்படியே தருவது இம்மயக்கத்தைப் போக்குகிறது. பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அடைப்புக்குறிகள் ஐயமின்றிக் காட்டுகின்றன. பார்வையற்ற ஆய்வாளர் பலர் லேடெக்கிலேயே படித்து எழுதவும் செய்கின்றனர். பார்வையுள்ள சக ஆய்வாளரோடு ஒரே கோப்பில் பணியாற்ற முடிவதும் இதன் நிறையாகும். எனினும் லேடெக், அச்சுக்கோப்பதற்கு எழுந்த மொழி. பின்சாய்வுக் கோடும் அடைப்புகளும் ஒவ்வொன்றாக ஒலிக்க, எளிய பின்னமும் நீண்ட தொடராகிவிடுகிறது. நூலாசிரியர் தாமே வகுத்துக்கொண்ட கட்டளைச் சொற்கள் இடையில் வந்தால் அவற்றின் வரையறையைத் தேடிச் செல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர் இயற்கணிதம் கற்பதற்கு முன் அச்சுக்கோப்பு மொழி ஒன்றைக் கற்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு அன்று.

2. ஆஸ்டர் காட்டிய வழி

இந்தியாவில் பிறந்து, இளமையில் பார்வையை இழந்து, கணிதம் பயின்ற டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஆஸ்டர் என்னும் ஒலி அமைப்பை அறிமுகப்படுத்தியது. லேடெக் கோப்பை எழுத்துச் சரமாகக் கொள்ளாமல், கிளைகள் கொண்ட மரமாகப் பகுத்துக்கொண்டதே ஆஸ்டரின் அடிப்படை. மேற்குறிக்குக் குரலின் சுருதி உயர்ந்தது, கீழ்க்குறிக்குத் தாழ்ந்தது. நீண்ட கோவையின் உறுப்புகளுக்குத் தற்காலிகப் பெயரிட்டு முதலில் மேலமைப்பை மட்டும் கூறவும், பின்னர் வேண்டிய உறுப்பை விரிக்கவும் அதனால் முடிந்தது.

இங்கு முதன்மையானது குரல்நயத்தினும் அந்த விரிப்பும் சுருக்கமும்தான். பார்வையுள்ளவர் கோவையை இடமிருந்து வலமாக ஒருமுறை வாசித்து முடிப்பதில்லை. ‘இது ஒரு பின்னம், மேலே ஏதோ மூலம், கீழே எளிய உறுப்பு’ என முதலில் உருவத்தைக் கொள்கிறார், பிறகு தேவைப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறார். அதே உரிமையைச் செவிக்கு வழங்கியதே ஆஸ்டரின் சாதனை. குறையும் உண்டு. அடுக்குக்குள் அடுக்காகக் கோவை ஆழமாகும்போது சுருதி வேறுபாட்டை மட்டும் கொண்டு நிலைகளைப் பிரித்தறிவது கடினம். மேலும் அது மூலக்கோப்பு கைக்கு எட்டினாலன்றிப் பயன்படாது. அடுத்துப் பரவிய இணையம் மூலக்கோப்பை மறைத்துப் படத்தை நீட்டியது.

3. மேத்எம்எல்: தோற்றமும் பொருளும்

கட்டமைப்போடு கணிதத்தை இணையத்தில் வெளியிடுவதற்கான மேத்எம்எல் குறிமொழி 1998இலேயே உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. ஆனால் குரோம் உலாவி 2013இல் ஒரு பதிப்பில் அதனை ஏற்று, அடுத்த பதிப்பிலேயே நீக்கியது. மீண்டும் ஏற்றது 2023இல்தான். இடைக்காலத்தில் மேத்ஜாக்ஸ் போன்ற நிரல்களே அந்த இடைவெளியை நிரப்பின. ஆர்க்சைவ் முன்பதிப்புக் களஞ்சியம் 2023 டிசம்பரில் புதிய கட்டுரைகளை எச்டிஎம்எல் வடிவிலும் வழங்கத் தொடங்கியது. தரம் வகுக்கப்பட்டும் கால் நூற்றாண்டுக் காலம் அது நடைமுறைக்கு முழுமையாக வராமல் போனதற்குத் தொழில்நுட்ப இயலாமையைக் காட்டிலும் முன்னுரிமையின்மையே காரணம் எனலாம்.

மேத்எம்எல் இருவகைக் குறியீடு கொண்டது. தோற்றக் குறியீடு ‘எது எங்கே நிற்கிறது’ என்பதைச் சொல்லும். பொருட் குறியீடு ‘எது எதைச் செய்கிறது’ என்பதைச் சொல்லும். வழக்கில் நிலைத்தது முதல்வகையே. இதன் விளைவை உருசியக் கணித அறிஞர் லெவ் பொந்த்ரியாகின் வாழ்வோடு ஒப்பிடலாம். 14 வயதில் விபத்தில் பார்வையிழந்த அவருக்குக் கணிதம் பயிலாத அவருடைய தாயார் நூல்களை வாசித்துக்காட்டினார். சேர்ப்பு, வெட்டு ஆகியவற்றின் குறிகளை அவற்றின் வடிவத்தைக்கொண்டே வருணித்தார் என்பர். வடிவத்தைக் கேட்டுப் பொருளை உணர்ந்தவர் மகன். தோற்றக் குறியீட்டை வாசிக்கும் திரைவாசிப்பான் அத்தாயாரின் நிலையில்தான் இருக்கிறது. ஓர் எழுத்தின் இருபுறமும் நிற்கும் செங்குத்துக் கோடுகள் மட்டு மதிப்பா, அணிக்கோவையா, கணத்தின் ஆதி எண்ணா என்பதை அது ஊகிக்கவே முடியும். வல்லுநருக்குச் சூழல் துணைசெய்யும்; புதிதாகக் கற்பவருக்கோ அச்சூழல்தான் பாடமே.

இக்குறையை உணர்ந்தே மேத்எம்எல்லின் 4ஆம் பதிப்புக்கான வரைவு, ஆசிரியர் தம் கருத்தைக் குறியோடு இணைக்க வழிசெய்யும் பண்பு ஒன்றைச் சேர்த்துள்ளது. வரவேற்கத்தக்க இம்மாற்றம் பொறுப்பை எழுதுபவரிடம் வைக்கிறது. எழுதும் கருவிகள் அதனைத் தாமாகவே நிரப்பாவிடில், மாற்று உரைக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.

4. இருவகை ஒலிப்பு மரபுகள்

கட்டமைப்புக் கிடைத்தபின் அதனை எவ்வாறு சொல்வது என்னும் வினா எழுகிறது. கணிதத்துக்கான பிரெயில் குறிமுறையை வகுத்த பார்வையற்ற பேராசிரியர் ஆபிரகாம் நெமத் (1918–2013), தமக்கு வாசித்துக்காட்டுவோர் பின்பற்றிய ஒழுங்கிலிருந்து மேத்ஸ்பீக் என்னும் ஒலிப்பு முறையை உருவாக்கினார். பின்னத்தின் தொடக்கமும் முடிவும் அதில் வெளிப்படையாகக் கூறப்படும். கேட்பவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் சொற்கள் மிகும். பிற்காலத்தில் எழுந்த கிளியர்ஸ்பீக் வகுப்பறைப் பேச்சை ஒட்டியது. எளிய பின்னத்தை இயல்பாகச் சொல்லி, தேவைப்படும் இடத்தில் மட்டும் எல்லைகளை அறிவிக்கும், நிறுத்தங்களால் பிரித்துக்காட்டும்.

இவ்விரண்டில் எது சிறந்தது எனக் கேட்பது பொருத்தமன்று. முதன்முறை கேட்பவருக்கு இயல்பான ஒலிப்பும், சான்றுநிரூபணத்தைச் சரிபார்ப்பவருக்கு ஐயமற்ற ஒலிப்பும் தேவை. தேர்வு பயனரின் கையில் இருக்க வேண்டும் என்பதே முடிவாகும்.

5. தமிழில் ஒலிக்கும்போது

தமிழ்வழிக் கணிதத்துக்கு ஒலிப்பு விதிகள் வகுக்கையில் மூன்று சிக்கல்கள் கருதத்தக்கன.

முதலாவது, சொல்வரிசை. ஆங்கிலத்தில் ‘வர்க்கமூலம்’ என்னும் சொல் முன்னே வரும். அதன் ஆட்சி எங்கே தொடங்குகிறது என்பது தெளிவு, எங்கே முடிகிறது என்பதே மயக்கம். தமிழில் வேற்றுமை உருபு பின்னே ஏறுவதால் நிலை தலைகீழாகிறது. ‘எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்றின் வர்க்கமூலம்’ என்னும்போது முடிவு தெளிவு, தொடக்கமே மயக்கம். மூலம் ஒன்றுக்கு மட்டுமா, கூட்டுத்தொகைக்கா? அதுவரை கேட்டதெல்லாம் மூலத்துக்குள் இருந்தது என்பதைக் கேட்பவர் கடைசிச் சொல்லில்தான் அறிகிறார். எனவே ஆங்கில விதிகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் தமிழின் மயக்கம் தீராது. ‘மூலம் தொடக்கம்’, ‘மூலம் முடிவு’ என இரு எல்லைகளையும் கூறுவதே பொருந்தும்.

பின்னத்திலும் இதே நிலை. ‘மூன்றில் இரண்டு’ என்னும் இயல்வழக்கு பகுதியை முன்னும் தொகுதியைப் பின்னும் கூறுகிறது. நெமத் குறிமுறைப் பிரெயிலிலோ விசைப்பலகையால் கோவைக்குள் நகரும்போதோ முதலில் எதிர்ப்படுவது தொகுதி. செவி ஒரு வரிசையையும் விரல் மற்றொரு வரிசையையும் உணர்ந்தால் குழப்பமே மிஞ்சும். எண் பின்னங்களுக்கு இயல்வழக்கையும், இயற்கணிதப் பின்னங்களுக்குத் ‘தொகுதி’, ‘பகுதி’ எனப் பெயர்சுட்டும் முறையையும் கொள்வது இம்முரணைத் தவிர்க்கும்.

இரண்டாவது, கலைச்சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. அணி அங்கே ‘தாயம்’. வகைக்கெழு அங்கே ‘பெறுதி’. ஆகவே தமிழுக்கு ஒரே விதித்தொகுதி போதாது; நாட்டுக்கு ஒன்று வேண்டும். மேலும் ‘கணம்’, மும்மடியைக் குறிக்கும் ‘கனம்’ ஆகிய இரண்டும் எழுத்தில் தெளிவாக வேறுபடுகின்றன. ணகர னகர வேறுபாடு மங்கிய பேச்சிலும், விரைந்து ஒலிக்கும் இயந்திரக் குரலிலும் அவை ஒன்றாகிவிடும். கண்ணுக்காக ஆக்கப்பட்ட கலைச்சொற்களைச் செவியின் உரைகல்லிலும் தேய்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

மூன்றாவது, எழுத்துக் குறியாக்கம். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கோப்பில் தமிழ் எழுத்தின் தோற்றம் மட்டுமே தமிழ். உள்ளே இருப்பவை பிற எழுத்துகளின் எண்கள். அங்குக் கணிதத்துக்கு முன்பே உரையும் சிதைந்து ஒலிக்கும்.

தமிழ்க் கணிதம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியாக வாய்விட்டு ஓதப்பட்டது. ஆதலின் செவிவழிக் கணிதம் தமிழுக்குப் புதிதன்று என்னும் கருத்து எழக்கூடும். இதில் உண்மை உண்டு, எல்லையும் உண்டு. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) என ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர் இருந்தமையால் ஓதுபவர் கட்டமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பைச் சொன்னால் போதும். மேலும் ஓதப்பட்டது முன்பே அறிந்த வாய்ப்பாடு. இன்றைய மாணவர் கேட்பதோ இதுவரை கேட்டறியாத கோவை. மரபிலிருந்து கொள்ளத்தக்கது சுருங்கிய பெயர் கட்டமைப்பின் சுமையைக் குறைக்கும் என்னும் நுட்பமாகும். ஆஸ்டர் உறுப்புகளுக்குத் தற்காலிகப் பெயரிட்டதும் அதே நோக்கில்தான்.

முடிவுரை

படம் கணிதத்தை மறைக்கிறது. கட்டமைப்பற்ற பிடிஎஃப் அதனைத் திரிக்கிறது. லேடெக் வல்லுநருக்கு உதவுகிறது. மேத்எம்எல் மட்டுமே அனைவருக்குமான அடித்தளமாக அமையத்தக்கது. ஆயினும் அடித்தளம் வீடாகாது. பொருளைச் சுட்டும் குறிப்பு, பயனர் தேரும் ஒலிப்பு நடை, கோவைக்குள் நகரும் வாய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி அணுகல் நிறைவுறாது. தமிழில் இப்பணி மென்பொருளாளரிடம் மட்டும் விடத்தக்கதன்று. உருபும் சொல்வரிசையும் அறிந்த இலக்கண ஆய்வாளர், கலைச்சொல் வல்லுநர், கணித ஆசிரியர் ஆகியோரோடு, நாள்தோறும் திரைவாசிப்பானில் கற்கும் பார்வையற்ற மாணவரும் விதிகளை வகுக்கும் இடத்திலேயே அமர வேண்டும். ஒரு விதி சரியானதா என்பதற்கு இறுதிச் சான்று, அதனைக் கேட்டவர் கோவையைப் பிழையின்றித் திரும்ப எழுத முடிகிறதா என்பதே.