எடுத்துக்காட்டு என்னும் சொல்லாட்சி

அண்மையில் ஓர் அவைக்கண் சித்தாந்தம் விரித்த அன்பர் ஒருவர், "செம்பு களிம்பு நீங்கிப் பொன்னாதல்போல, ஆன்மா மலம் நீங்கிச் சிவமேயாம், இஃது எடுத்துக்காட்டால் நிறுவப்பட்டது" என்று முடித்தார். கேட்டோர் பலரும் மகிழ்ந்தனர். அடியேனுக்கோ அச்சம் உண்டாயிற்று. ஒரு சொல்லின் பொருளை நெகிழவிட்டமையால் முப்பொருளுண்மையே அங்கு நெகிழ்ந்ததன்றோ?

எடுத்துக்காட்டாவது, கேட்போன் முன்னரே அறிந்த ஒன்றனை எடுத்து, அறியாத ஒன்றனைக் காட்டுதல். வடநூலார் திருட்டாந்தம், உதாரணம் என்ப. நன்னூலார் காண்டிகையுரையின் உறுப்புக்களுள் இதனைக் காட்டு என்றே வழங்கினார்.

இதனை உவமையென்றே கொள்வார் பலர். அணிநூல் வழக்கில் எடுத்துக்காட்டுவமை என்றோர் அணி உண்மையின், இம்மயக்கத்திற்கு இடமுண்டு. ஆயினும் தருக்க நூலார் வழக்கை நோக்குக. "இம்மலை தீயுடைத்து, புகையுடைமையின், அடுக்களைபோல" என்புழி, மலைக்கும் அடுக்களைக்கும் வடிவொப்புமை யாதுளது? புகையுள்வழித் தீயுண்டென்னும் உடனிகழ்ச்சி ஒன்றே அடுக்களையிற் கண்டு கொள்ளப்படுவது. அடுக்களையிற் சோறு வேதலின் மலையிலும் வேகும் என்பான் நகையாடப்படுவன். ஏதுவின் எல்லையே எடுத்துக்காட்டின் எல்லை என்க.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையால் நிறுவினார். 81 எடுத்துக்காட்டு வெண்பாக்களும் முன்னிரண்டனையும் சார்ந்து நிற்பன. தனித்து நின்று பொருளை நாட்டுவன அல்ல.

உப்பினை நோக்குக. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு நீரிற் கரைந்த உப்பைக் காட்டியது, சத்துக் காணப்படாதாயினும் எங்கும் உளதென்றற்கு. போதத்து 7-ஆஞ் சூத்திரத்திற் கடல்நீர் உப்புக் காட்டப்பட்டது, அஞ்ஞானம் உயிரைப் பற்றுமன்றி இறைவனைப் பற்றாதென்றற்கு. ஆண்டுச் சத்தைக் காட்டிய உப்பே ஈண்டு மலத்தைக் காட்டிற்று. உப்பைமட்டும் பற்றிக்கொண்டு கருத்தை விடுவார்க்கு மலமும் சத்தும் ஒன்றாய் முடியுமன்றோ?

இனி, அவ்வன்பர் கூறிய செம்புக்கு வருவாம். களிம்பு செம்புடன் தோன்றுதல்போல ஆணவம் உயிர்க்கு இயற்கை என்பதற்கு அது தக்க காட்டேயாம். செம்பு பொன்னாய்ப் பொன்னோடு சேர்தல்போல உயிர் சிவத்தோடு ஒன்றாம் என்னும் கூற்றையோ, அருணந்தி சிவாசாரியர் சித்தியார் சுபக்கத்து 11-ஆஞ் சூத்திரத்தில் எடுத்து மறுத்தருளினார். இறைவன் பொன்போல்வான் அல்லன், களிம்பு போக்கும் இரதகுளிகை போல்வான், அக்குளிகையும் பொன்னாவதில்லை, மலம் நீங்கிய உயிர் அவன் திருவடிக்கீழ்ச் சிவானுபவம் நுகருமன்றி, ஐந்தொழில் அதற்கு உண்டாகாது என்பது அவர் துணிபு. 700 ஆண்டுகட்கு முன்னரே அடைக்கப்பட்ட வழியை இன்று மீளத் திறப்பது முறையாமோ?

ஆகலின், எடுத்துக்காட்டுக் கூறப் புகுவோர் முதற்கண் மேற்கோளும் ஏதுவும் கூறுக. பின் காட்டுக. எப்பகுதி கொள்ளற்பாலது, எப்பகுதி தள்ளற்பாலது என்பதனையும் உடன் உரைக்க. காட்டுவது விரல், காணற்பாலது திங்கள். விரலையே திங்களென்று கொள்வார்க்கு இருளே எஞ்சும்.

திருச்சிற்றம்பலம்.