போத்தலில் நிற்காத ருசி

போர்பன் விஸ்கி ரசிகர்கள் எழுதும் சுவைக்குறிப்புகளைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எதை வாங்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல, ஒரு சின்ன வடிவமாக அவை எப்படி எழுதப்படுகின்றன என்று பார்ப்பதற்காக. வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி உறுத்த ஆரம்பித்தது. மலேசியத் தமிழில் நாமும் குடியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். அதில் அடி உண்டு, கண்ணீர் உண்டு, அடகுக்குப் போன தாலி உண்டு, சாவும் உண்டு. குடித்தவனின் நாக்கில் என்ன இருந்தது என்பது மட்டும் இல்லை. இது தற்செயலா, அல்லது நாமே போட்டுக்கொண்ட தடையா?

முதலில் அந்தச் சுவைக்குறிப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. நிறம், மணம், நாவில் முதலில் படுவது, விழுங்கியபின் தங்குவது. வெனிலா, கருகிய சர்க்கரை, செர்ரி, பழைய தோல், புகையிலை என்று சொற்கள் வரிசையாக வரும். கேலி செய்வது சுலபம். 'ஒரு மொடக்குக் குடிச்சிட்டு இவ்ளோ கதையா?' என்று நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொற்கள் வெறும் கற்பனை அல்ல. போர்பனுக்குச் சட்டம் உண்டு. மூலத் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரக் கலனில்தான் ஊற வேண்டும். கலனுக்குள் போகும்போது 62.5 விழுக்காட்டுக்கு மேல் சாராயச் சத்து இருக்கக் கூடாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தன் நாட்டுக்கே உரிய பானம் என்று தீர்மானம் போட்டது. மரத்தைக் கருக்கும்போது அதிலுள்ள சர்க்கரை உருகிக் கருகுகிறது, வெனிலா மணம் தரும் பொருளும் பிறக்கிறது. ஆக, 'வெனிலா' என்று எழுதுபவர் உண்மையில் மரத்தையும் நெருப்பையும்தான் எழுதுகிறார். நல்ல சுவைக்குறிப்பு நாக்கிலிருந்து புறப்பட்டுச் செய்முறைக்குப் போய்ச் சேர்கிறது. மோசமானது பழக்கடைப் பட்டியலோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு விஷயம் பழைய போத்தல்கள். இந்த ரசிகர்களில் ஒரு சாரார், யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்கும் பழைய சரக்கைத் தேடி அலைகிறார்கள். மூடியின் மேல் ஒட்டிய வரி முத்திரைத் தாளைப் பார்த்தே காலத்தைச் சொல்வார்கள். அந்தத் தாள் ஒட்டும் கட்டாயம் 1985இல் போய்விட்டது. லூயிவில் நகரில் 1935இல் திறந்து 1992இல் வடிப்பதை நிறுத்திய ஸ்டிட்ஸல் வெல்லர் ஆலையின் சரக்கு அவர்களுக்குக் கிட்டத்தட்ட தெய்வம். ஆலை நின்றுபோனது, அங்கே கற்றுக்கொண்ட கைகளும் போய்விட்டன. ஆனால் போத்தலைத் திறந்தால் அந்தக் காலம் அப்படியே ஊற்றுகிறது. காரணம் எளிது. விஸ்கி மரத்துக்குள் இருக்கும்வரைதான் வயதாகும், கண்ணாடிக்குள் போனபின் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அப்படிக் கிடைத்த அரிய போத்தலை அவர்கள் பூட்டியும் வைப்பதில்லை. ஆளுக்கு ஒரு மடக்கு என்று பகிர்ந்து, தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிடுகிறார்கள். ஒரே சரக்கு, ஆறு நாக்கு, ஆறு குறிப்பு. விமர்சனத்தின் அடிப்படைப் பயிற்சியே இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஜொகூர் பாருவில் அப்படி ஒரு சின்ன வட்டம் எனக்குப் பழக்கம். எல்லாரும் தமிழர்கள். பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்கள். ஒரு சனிக்கிழமை அவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரரின் அப்பா கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, 'எப்படி இருக்குப்பா?' என்று மகன் கேட்டார்.

'நல்லாதான் இருக்கு. மரவாசம் அடிக்குது' என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார். 'காலையில எறக்குன கள்ளு எளநி மாதிரி இருக்கும்டா, நாக்குல லேசா சுறுசுறுன்னு. மதியத்துக்குக் கொஞ்சம் புளிப்பு ஏறிரும். பொழுது சாஞ்சா பல்லு கூசும். மழ பேஞ்ச மறுநாளு தண்ணியா இருக்கும், ருசியே இருக்காது. எங்கப்பா மோந்து பாத்தே சொல்லிருவாரு, இது நேத்து கள்ளு கலந்ததுன்னு.'

அறையில் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சொல்லப்பட்டவற்றில் மிகச் சரியான சுவைக்குறிப்பு அதுதான். நேரம், மழை, கலப்படம் எல்லாமே அதில் இருக்கின்றன. அறிவியலும் அதையே சொல்கிறது. தென்னம்பாளையில் சொட்டும் சாறு கலயத்தில் விழுந்த கணமே நொதிக்கத் தொடங்குகிறது. உள்ளே சுண்ணாம்பு தடவினால்தான் பதநீராக நிற்கும். இல்லையென்றால் சில மணி நேரத்தில் கள், ஒரு நாளில் காடி. கள்ளுக்கு 'வருடம்' கிடையாது, மணி நேரம் மட்டுமே உண்டு. எந்த ரசிகரும் 1955ஆம் ஆண்டுக் கள்ளைத் தேடிக் கண்டுபிடித்துத் திறக்க முடியாது. போத்தலில் நிற்காத ருசி சொல்லில் மட்டும்தான் நிற்கும். அந்தச் சொல்லைத்தான் நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

ஏன் விட்டோம் என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இந்த மண்ணில் குடி ஒருபோதும் சும்மா வந்ததில்லை. ஜொகூரில் தமிழர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வருவதற்கு முன்பே, கம்பீர் மிளகுத் தோட்டங்களில் கங்சு முறை இருந்தது. ஆற்றங்கரைக் குடியேற்றத்தை நடத்திய கங்சுவிடமே சாராயம், அபின், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமையும் இருந்தது. கூலிக்காரனின் காசு சுற்றி வந்து முதலாளியிடமே சேரும் ஏற்பாடு அது. 1917இல் அந்த முறையை ஒழித்தார்கள். கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. தமிழர்களுக்கு அதே வேலையைச் செய்தது தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பளம் கொடுத்த கையே கடைக்கும் இடம் கொடுத்தது. 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தபோது போலீஸ் வந்தது யாரைக் காக்க என்பதை யோசித்தால் இந்தக் கணக்கு புரியும். அந்த மறியல் ஒழுக்கப் பிரசாரம் மட்டுமல்ல, தொழிலாளியின் அரசியலும்கூட.

கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. 1981இல் கெடாவின் லுனாஸில் விஷச்சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் (2019) அந்தச் சாவுகளைப் பின்னணியாகக் கொண்டது. 2020 இறுதியில் மலேசிய உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது ஆபாசம். ஒரு சமூகம் விஷம் குடித்துச் செத்த வரலாற்றைப் பேசும் நூலில் அதிகாரத்தின் கண்ணுக்குத் தெரிந்தது சில சொற்கள் மட்டும். 2021இல் 'தீமா' என்ற உள்ளூர் விஸ்கியின் பெயரை வைத்து நாடே கொந்தளித்ததும் நினைவுக்கு வருகிறது. பெயரைப் பற்றிப் பேசினார்கள், லேபிளில் இருந்த தாடிக்காரரைப் பற்றிப் பேசினார்கள். முந்தைய ஆண்டு சான்பிரான்சிஸ்கோ போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அந்தப் பானம் எப்படி இருக்கும் என்று பேசியவர்கள் மிகக் குறைவு. நம் நாட்டில் குடி எப்போதும் அடையாளமாகவோ பாவமாகவோதான் பொதுவெளிக்கு வருகிறது, ஒரு பொருளாக வருவதில்லை.

இந்தப் பழக்கம் நம் புனைவுகளையும் பிடித்திருக்கிறது என்பதே என் வாதம். நம் தோட்டக் கதைகளில் பெரும்பாலானவற்றில் 'குடித்துவிட்டு வந்தான்' என்ற ஒரு வரி போதுமானதாக இருக்கிறது. என்ன குடித்தான், எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்பது எழுத்தாளருக்குத் தேவைப்படுவதில்லை. கள்ளும் சம்சுவும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. ஆனால் அவை ஒன்றல்ல. கள் மெதுவாக ஏறும், கூட்டத்தோடு உட்கார்ந்து குடிப்பது, மறுநாள் வேலைக்குப் போக விடும். சம்சு சின்னப் போத்தலில் சட்டைப்பைக்குள் வருவது, தனியாக மறைந்து குடிப்பது. கள்ளிலிருந்து சம்சுவுக்கு ஒரு சமூகம் நகர்ந்தபோது போதை மட்டும் கூடவில்லை, கூடி உட்கார்வதும் போய்விட்டது. ருசியை எழுதாத இலக்கியத்தால் இந்த மாற்றத்தைப் பிடிக்க முடியாது. அதற்கு இரண்டுமே 'தண்ணி'தான்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். 'அடி வாங்கின அம்மாவோட பிள்ளை நீ. கள்ளோட ருசியை வர்ணிச்சா அது அவளுக்குச் செய்யுற துரோகம் இல்லியா?' குடியால் சிதைந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் இப்படிக் கேட்கும்போது 'கலைச் சுதந்திரம்' என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்குத் தோன்றும் பதில் வேறு. ருசியை எழுதாததால் அந்த அம்மாவுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. எதற்காக அவன் வீட்டை விட்டு அங்கே போனான் என்பது தெரியாதபோது அவன் வெறும் மிருகமாகிறான், அவள் வெறும் பலியாகிறாள். பன்னிரண்டு மணி நேரம் பால் வெட்டிச் சுமந்தவனுக்கு அந்த முதல் மங்கு என்ன கொடுத்தது என்று தெரிந்தால்தான், அதை விற்றவன் என்ன எடுத்துக்கொண்டான் என்பதும் தெரியும். ருசியை எழுதுவதும் புகழ்வதும் ஒன்றல்ல. தூண்டில் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்லாமல் மீன் ஏன் மாட்டியது என்று சொல்ல முடியாது.

அதற்காகப் போர்பன் ரசிகர்களை முன்மாதிரியாக்கிக் கும்பிடவும் தேவையில்லை. அவர்களுடைய வடிவத்துக்கு நேர் எதிரான ஊனம் உண்டு. நாக்கு இருக்கிறது, கை இல்லை. டென்னசியில் ஜாக் டேனியல் என்ற சிறுவனுக்கு வடிப்புத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. உலகம் முழுக்கப் போத்தலில் போன பெயர் மாணவனுடையது. ஆசானின் பெயரை அந்த நிறுவனம் வெளிப்படையாக முன்வைக்கத் தொடங்கியது 2016இல்தான். அது போர்பன் என்று பெயர் போட்டுக்கொள்ளாத விஸ்கிதான், ஆனாலும் அமெரிக்க விஸ்கி முழுமைக்கும் பொருந்தும் கதை. ஆயிரக்கணக்கான குறிப்புகளில் புகையிலையும் தோலும் மணந்தன, அந்த மனிதர் மணக்கவில்லை. கலனிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பங்கைத் தேவதைகளின் பங்கு என்று அவர்கள் செல்லமாகச் சொல்வார்கள். தொழிலாளியின் பங்குக்கு அப்படி ஒரு செல்லப்பெயர் இல்லை. நம் எழுத்தில் மரமேறியவனும் குடித்தவனும் அடிபட்டவளும் இருக்கிறார்கள், கலயத்துக்குள் இருந்தது இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் இரண்டின் குறையும் தெரிகிறது.

தமிழுக்கு இது புதிய வேலையும் அல்ல. தேறல், நறவு, தோப்பி, மட்டு என்று சங்கப் புலவர்களிடம் வகைவகையாகச் சொற்கள் இருந்தன. மூங்கில் குழாயில் ஊற வைத்த தேறலுக்கும் வீட்டில் அரிசியில் சமைத்த தோப்பிக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாடல் அவன் கள்ளை எப்படிப் பகிர்ந்தான் என்பதிலிருந்தே தொடங்குகிறது. குறைவாக இருந்தால் தான் குடிக்காமல் கொடுத்தவன், நிறைய இருந்தால் கூட உட்கார்ந்து மகிழ்ந்தவன். ஒரு மனிதனின் குணத்தைச் சொல்ல அவளுக்குக் கலயம் போதுமானதாக இருந்தது. பிறகு திருக்குறளில் 93ஆவது அதிகாரம் வந்தது. கள்ளுண்ணாமைக்கு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் ஓர் இலக்கியத்துக்கு ஔவையும் வேண்டும், வள்ளுவரும் வேண்டும். மலேசியத் தமிழில் நாம் வள்ளுவரை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

2006இல் இஸ்கண்டார் வளர்ச்சிப் பகுதி அறிவிக்கப்பட்ட பிறகு ஜொகூரின் தெற்கில் தோட்டங்கள் வேகமாக வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இல்லை, கள்ளுக்கடை இருந்த இடம் எது என்று காட்டவும் ஆள் குறைகிறது. காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் வித்தியாசம் தெரிந்த நாக்குகள் இன்று எழுபதைத் தாண்டியவை. அவர்களிடம் போய் யார் குடித்தார்கள், யாரை அடித்தார்கள் என்று கேட்கிறோம். அதையும் கேட்க வேண்டும். கூடவே, 'எப்படி இருக்கும் தாத்தா அது?' என்றும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல், அவர் பேச்சிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் குறிப்பேடு ஆறு பேர் கையிலும் இருந்தது. பேனாவும் இருந்தது.