சுப்பிரமணியபுரமும் கூலிக்கொலையும்: காண்போர் கருத்து பற்றிய ஓர் ஆய்வு

சுப்பிரமணியபுரம் என்னும் திரைப்படம் 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டின் மதுரையே அதன் களம். சசிகுமார் அதனை எழுதி இயக்கியதோடு பரமன் என்னும் பாத்திரத்தையும் ஏற்று நடித்தார். பின்னர் 2012இல் இந்தியில் கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர் என்னும் படத்தை அளித்த அனுராக் காசியப், அதன் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் ஆகிய மதுரை மூவர்க்கும் நன்றி கூறியிருத்தல் பலரும் அறிந்ததே. இத்துணைச் சிறப்புற்ற படத்தைப் பற்றித் திறனாய்வாளர் எழுதியவை பலவாகும். நாம் ஈண்டு ஆராயப் புகுவது அவர்தம் எழுத்தை அன்று. படத்தைக் கண்ட மக்கள் அதனைப் பற்றிக் கூறும் தீர்ப்பினையே.

இவ்வாய்வுக்கு ஒத்தக்கடை ஏற்ற இடமாகும். யானைமலையின் அடியில், மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர் இது. இதற்கு அணித்தாக 2004 முதல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்கி வருகிறது. ஆதலின் பிணை, வாய்தா, மேல்முறையீடு என்னும் சொற்கள் இவ்வூர்த் தேநீர்க் கடைகளில் அன்றாட வழக்கில் உள்ளன. கதை கேட்பினும் இவ்வூரார் வழக்குக் கேட்பது போலவே கேட்பர் என்று சொல்லலாம்.

அவர்தம் தீர்ப்பு பெரும்பாலும் ஒரு தன்மையதாகவே உள்ளது. அழகரும் பரமனும் நம்பிக் கெட்டவர்கள். அவர்களை ஏவிய கனகு கொடியவன். உடனிருந்தே காட்டிக்கொடுத்த காசி அவனினும் கொடியவன் என்பர். துளசியைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. குடும்பத்தாரின் நெருக்குதலுக்கு அஞ்சி அழகரைத் தனியிடத்திற்கு அழைத்தாள் என்று சிலர் இரங்குவர்; அஞ்சினாலும் அழைத்தது அழைத்ததே என்று வேறு சிலர் வெகுள்வர். அது நீண்ட வழக்கு. ஈண்டு விடுத்துச் செல்வோம்.

நம் கருத்தை ஈர்த்தது பிறிதொன்று. கதையில் இவ்விளைஞர் பிறர்பொருட்டுச் செய்யும் கொலைகள் இரண்டு. முன்னாள் மாமன்ற உறுப்பினரின் குடும்பம், சிறுசிறு குற்றங்களில் இவர்கள் அகப்படும்போதெல்லாம் பிணையில் எடுத்து வந்தது. அக்குடும்பத் தலைவர் கட்சிப் பதவியை இழந்தபோது, தம்பி கனகு மனம் நொந்து பேசிப் பேசியே போட்டியாளனைக் கொல்லுமாறு இவர்களைத் தூண்டிவிடுகிறான். இது முதற்கொலை. சிறைப்பட்ட இவர்களைக் கனகு மீட்க வரவில்லை. சிறையில் பழகிய ஒருவனே பிணைக்கு வழிசெய்கிறான். வெளிவந்தபின் அவன் கேட்டுக்கொண்டபடி, தமக்குப் பகையில்லாத மற்றொருவனைக் கொல்கின்றனர். இஃது இரண்டாம் கொலை.

நாம் வினவியவர்கள் முதற்கொலையைக் காட்சி பிறழாமல் விரித்துரைத்தனர். இறுதியில் நிகழும் பழிவாங்கலையும் அவ்வாறே உரைத்தனர். இரண்டாம் கொலையையோ பலர்க்கும் நாமே நினைவூட்டவேண்டியிருந்தது. நினைவூட்டியபின் முதியவர் ஒருவர், "அது நன்றிக்கடன் ஐயா, கூலிக்கா செய்தார்கள்?" என்றார். இவ்விடையிலேயே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள் அடங்கியுள்ளது.

கூலத்தை அளந்து கொடுத்தமையின் கூலி எனப் பெயர் பெற்றது என்பர். கூலமோ காசோ கைமாறினால்தான் கூலி என்று கொள்வோமாயின் முதியவர் கூற்று பொருந்தும்; படத்தில் அவ்விரு கொலைகளுக்கும் விலை பேசப்படவில்லை. எனினும் கூலிக்கொலையின் இயல்பு காசில் இல்லை. தனக்குப் பகையல்லாத ஒருவனைப் பிறன் வேண்டியபடி, பெற்ற பயனுக்கு ஈடாகக் கொல்லுதலே அதன் இயல்பு. பெற்ற பயன் பணமாயின் என்ன, பிணையாயின் என்ன?

செஞ்சோற்றுக்கடன் என்னும் பழைய அறத்தைச் சுட்டி இவர்களைக் காப்பாரும் உளர். அக்கடன் களத்தில், ஊரறிய, எதிர்நின்றார்மேல் கழிக்கப்பட்டது. கழித்து மாய்ந்தவனுக்கு ஊரார் நடுகல் எடுத்தனர். இருட்டிலும் சந்திலும் வழிமறித்து ஒருவனை வெட்டுவதற்கு அப்பெயர் ஏலாது. முதற்கொலையிலாவது அறியாமை என்னும் ஒரு காரணத்தைச் சொல்ல இடமுண்டு. இரண்டாம் கொலையின்போது இவர்கள் எல்லாவற்றையும் அறிந்தவர்கள். தம்மைக் கருவியாக்கியவன்மேல் வஞ்சினம் கொண்டிருக்கும் அந்நாளிலேயே மற்றொருவனுக்குக் கருவியாகின்றனர். முதலில் அவர்களைப் பிணித்ததும் பிணை. மீண்டும் பிணித்ததும் பிணையே. இயக்குநர் இதனை உரத்துச் சொல்லாமல் கதைப்போக்கில் வைத்துச் செல்கிறார். காண்போர் இதனை மறப்பது தற்செயலன்று என்பதே நம் துணிபு. இதனை நினைவிற் கொண்டால் 'நம்பிக் கெட்டவர்கள்' என்னும் தீர்ப்பு நில்லாது.

"அரிவாள்மேல் வழக்கு உண்டா?" என்று ஓர் இளைஞர் நம்மிடம் வினவினார். கூர்மையான வினாவே. மதுரையில் நிகழ்ந்த கொலையைப் பாடிய இளங்கோவடிகளும் அவர் பக்கம் நிற்பது போலத் தோன்றும். கோவலனை வெட்டியவனுக்குச் சிலப்பதிகாரத்தில் பெயரில்லை. கண்ணகி அவனைத் தேடிச் செல்லவில்லை. மன்னன் முன்னரே வழக்குரைத்தாள். பின்னாளில் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பலியிட்டதும் பொற்கொல்லர் ஆயிரவரையே. வாள் வீசியவனை யாரும் நினைக்கவில்லை. ஆயினும் கொலைக்களக் காதையை ஊன்றிப் படிப்பார்க்கு வேறொன்று புலனாகும். உடன்சென்ற காவலர் உடனே வாளை உருவினாரல்லர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று தயங்கினர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டனையும் விரித்துரைத்து அவர்தம் ஐயத்தைக் கரைக்க முயல்கிறான். அவ்வளவு பேசியபின்னும் வாள் வீசியவன் ஒருவனே. அவனும் களிமயக்கில் இருந்தவன். மறுக்கவும் தயங்கவும் கைகளுக்கு இயலும் என்பதை அடிகள் அத்தயக்கத்தால் காட்டிவிட்டார். அரிவாளுக்குத் தயக்கம் இல்லை, மனிதனுக்கு உண்டு. கனகின் பேச்சுக்குப் பொற்கொல்லன் பேச்சோடு ஒப்புமை காணலாம். ஆனால் தயங்கிய காவலரோடு ஒப்பிட அழகரிடமும் பரமனிடமும் எதுவும் இல்லை.

பின்னும் ஒரு வேறுபாடு. கோவலனுக்கு மாதரி மனையில் ஓர் இல்லம் உண்டு. அங்கு அவன் உண்ட உணவையும் நாம் அறிவோம். ஆதலின் அவன் கொலையை எவரும் மறந்திலர். சுப்பிரமணியபுரத்தில் இரண்டாவதாக மாண்டவனைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. மிஷ்கின் இயக்கி நடித்து 2013இல் வெளிவந்த ஓநாயும் ஆட்டுக்குட்டியும் இதற்கு மறுதலை. அதன் தலைவன் வெளிப்படையாகவே கூலிக்கொலைஞன். தவறுதலாக ஓர் இளைஞனைக் கொன்றவன், அவ்விளைஞனின் பார்வையற்ற குடும்பத்தைக் காக்கத் தன் உயிரையே பணயம் வைக்கிறான். கொலையுண்டவன் வீட்டார் படம் முழுதும் நம் கண்முன் நடமாடுகின்றனர். அப்படத்தைக் கண்ட நம் மாணாக்கர் தலைவனுக்காக இரங்கினர். எனினும் அவனைக் குற்றமற்றவன் என்று ஒருவரும் கூறவில்லை. இரக்கமும் தீர்ப்பும் ஒருங்கே நிற்க இடமுண்டு என்பதற்கு இது சான்று. சுப்பிரமணியபுரத்தில் காண்போர் இரங்கிய அளவிலேயே விடுதலையும் வழங்கிவிடுகின்றனர். இது படத்தின் குறையா, காண்போர் குறையா எனின், இரண்டும் எனலே பொருந்தும். மாண்டவன் வீட்டிற்கு ஒரு காட்சியேனும் சசிகுமார் அளித்திருக்கலாம்.

இறுதிக் காட்சியும் இதற்கு இயைபுடையது. 28 ஆண்டுகள் கழிந்து, 2008இல் சிறையினின்று வெளிவந்த காசி குத்துண்டு மருத்துவமனையிற் கிடக்கிறான். ஐவருள் எஞ்சிய, உடற்குறையுடைய தோழன் அங்கே சென்று அவன் மூச்சுக் கருவியை நீக்கிவிடுகிறான். படத்தில் எத்தனை கொலைகள் நிகழ்கின்றன என்று ஒத்தக்கடையில் நாம் கேட்டபோது விரல்விட்டு எண்ணியவர் சிலர். அவர்களுள் எவரும் இதனை அவ்வெண்ணிக்கையிற் சேர்க்கவில்லை. கணக்கு முடிந்தது என்றே கூறினர்.